போனை எடுத்தால் நெட் வருகிறது, வைத்தால் போகிறது

11 அக்டோபர் 2020, காலை 9.40

சிரிக்க வேண்டாம், கேள்வி நிஜம். எங்கள் வீட்டில் லேண்ட்லைன் வழியாக வரும் பிராட்பேண்ட். மகளுக்குக் காலை எட்டரைக்கு ஆன்லைன் வகுப்பு. டீச்சர் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டு, அப்பா போனை எடுத்துப் பேசினால் நெட்டுக்கு உயிர் வந்துவிடுகிறது. பேசி வைத்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் பழைய கதை. போன் அடித்தால் நெட் அறுந்துபோகிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நேர்மாறு. இந்த மன்றத்தில் யார் வீட்டிலாவது இப்படி உண்டா?

இடம் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். எக்ஸ்சேஞ்சுக்குச் சாலை வழியாக மூன்று கிலோமீட்டர் சொச்சம். திட்டத்தின் பெயர் ‘8 எம்.பி.பி.எஸ். வரை’. அந்த ‘வரை’க்குள் எங்கள் ஊரே அடங்கிவிடும்.

மோடம் இரண்டு மாற்றியாயிற்று. மூன்றாவது வாங்கச் சொல்லாதீர்கள்.

11 அக்டோபர், 11.15

பதில் எழுதியவர்கள் எண்கள் கேட்டார்கள். மோடத்தின் 192.168.1.1 பக்கத்தில் இருந்து எடுத்தது: கீழிறங்கும் லைன் ரேட் (எக்ஸ்சேஞ்சோடு மோடம் போட்டுக்கொண்ட இணைப்பின் வேகம்) 1,248 கே.பி.பி.எஸ்., எஸ்.என்.ஆர். மார்ஜின் 4.5 டெசிபெல், அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேய்கிற அளவு) 57 டெசிபெல். சி.ஆர்.சி. பிழைகள், அதாவது சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடுகின்றன.

மார்ஜின் என்றால் என்ன என்று கேட்டவருக்கு: சந்தையில் நின்று பேசுகிறோம். கூச்சலைத் தாண்டி நம் பேச்சு எவ்வளவு உரக்க இருக்கிறது என்பது எஸ்.என்.ஆர். இப்போது பேசும் வேகத்துக்குத் தேவையானது போக மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது மார்ஜின். பொதுவாக 6 வைத்துக்கொண்டுதான் மோடம் இணைப்பு போடும். 3, 2 என்று இறங்கினால் எப்போது அறுந்து விழும் என்று தெரியாது.

அட்டெனுவேஷனை 14-ஆல் வகுத்தால் கம்பியின் நீளம் தோராயமாகக் கிலோமீட்டரில் வரும் என்பார்கள். எனக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கம்பி ஊர் சுற்றி வரும்தான், இருந்தாலும் முக்கால் கிலோமீட்டர் எங்கே சுற்றப் போனது?

12 அக்டோபர்

‘கோட்டா தீர்ந்திருக்கும், அதான் ஸ்லோ’ என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். இல்லை. கோட்டா தீர்ந்தால் லைன் ரேட் அப்படியேதான் இருக்கும், ஸ்பீட் டெஸ்டில்தான் வேகம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு லைன் ரேட்டே பாதாளத்தில். முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், அல்லது வேறு பிரச்சினையாக மாறிவிடும்.

இன்னொருவர் ‘1,248 வருகிறது என்கிறீர்கள், டௌன்லோடு 130-தான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள்’ என்கிறார். அது பிட், இது பைட். எட்டால் வகுத்து, தகவலோடு சேர்ந்து போகும் உறை, தபால்தலைக் கணக்கில் கொஞ்சம் கழித்தால் 130 சரியாக வரும். அரசு 2004-இல் போட்ட வரையறைப்படி 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட், 2013-இல்தான் அதை 512 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் வசதியான குடும்பம்.

13 அக்டோபர், இரவு

மோடத்தை விட்டுவிட்டு லைனைக் காதால் கேட்டுப் பார் என்று ஒருவர் எழுதியிருந்தார். புண்ணியவான். ஒயர் உள்ள பழைய போன் வேண்டும், கார்ட்லெஸ் உதவாது. ரிசீவரை எடுத்து, டயல் டோன் வந்ததும் ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டோன் நின்றுவிடும். அப்புறம் சில விநாடி முழு அமைதி இருக்க வேண்டும். அந்த அமைதியில் கேட்பதெல்லாம் லைனின் சொந்தச் சத்தம்.

எனக்குக் கேட்டது சட்டியில் நெல் பொரிகிற சத்தம். படபடவென்று, நடுவில் ஒரு ‘டக்’, மறுபடி படபட.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: “இது ரெண்டு வருஷமா இருக்குடா. எனக்குத்தான் காது போச்சுன்னு தஞ்சாவூர்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன்.”

ஏன்ப்பா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ போன்ல பேசுறதே இல்லையே, உன்கிட்ட என்னத்தச் சொல்ல” என்றார். அப்புறம் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: “நடுவுல செய்தி வேற வாசிப்பான்.”

14 அக்டோபர், மத்தியானம்

செய்தி வாசிக்கிறார்கள். நானே கேட்டேன். படபடப்புக்கு அடியில், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, திருச்சி வானொலி.

இப்போது என் கேள்விக்கு நானே பதில் சொல்லப்போகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். எங்கோ ஒரு ஜாயிண்ட் பச்சை பிடித்திருக்கிறது. செம்பின் மேல் படியும் அந்தப் படலம் மின்சாரத்தை ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் தடுக்கும். அதாவது அந்தக் காலத்துக் கிரிஸ்டல் ரேடியோ செய்த வேலை. பேட்டரி இல்லாமல் நம் லைன் வானொலிப் பெட்டியாகிவிட்டது.

போனை எடுத்தால் நெட் வரும் மர்மமும் இதுதான். லைனில் எப்போதும் 48 வோல்ட் நிற்கிறது, ஆனால் போன் தாங்கியில் இருக்கும்வரை கரண்ட் ஓடுவதில்லை. எடுத்ததும் இருபது முப்பது மில்லியாம்பியர் ஓடும். அது படலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஜாயிண்ட் புதுசு. வைத்துவிட்டால் படலம் மெல்ல மறுபடி மூடிக்கொள்கிறது. லைன்மேன்கள் இதை எச்.ஆர். ஜாயிண்ட் என்பார்கள், ஹை ரெசிஸ்டன்ஸ். முக்கால் கிலோமீட்டர் கூடுதல் நீளமும் இதற்குள்ளேதான் இருக்க வேண்டும்.

திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். ஏ.டி.எஸ்.எல். (போன் கம்பியிலேயே வரும் இந்த பிராட்பேண்ட்) ஓடுகிற அலைவரிசைக்குள் மத்திய அலை வானொலியில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. மோடம் லைனை 4.3125 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிட் ஏற்றி அனுப்புகிறது. 936-ஐ வகுத்தால் 217-ஆவது துண்டு. ஆகவே என் வேகத்தைத் தின்பது வானொலி நிலையம்.

(இந்தக் கடைசி வரி அவசரம். 30-ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.)

17 அக்டோபர், சனி

லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன் நம் வீட்டுக் குப்பையை நாம் கூட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். கூட்டினேன்.

வெளியில் இருந்து வரும் டிராப் வயர் வாசல் தூணில் ஒரு ரோசெட்டில் (ஒயரைத் திருகி மாட்டும் சின்னப் பெட்டி) முடிகிறது. அங்கிருந்து 1998-இல் அப்பா மாடி அறைக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் இழுத்தார். தட்டையான வெள்ளை ஒயர், முறுக்கு கிடையாது. உத்தரத்தோடு ஓடி, மாடிப்படி ஏறி, அலமாரிக்குப் பின்னால் முடிகிறது. மாடியில் போன் இல்லாமல் போய்ப் பத்து வருடம் ஆயிற்று. ஒயரின் நுனி எலி கடித்து, இரண்டு கம்பியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஒயர் ஸ்பிளிட்டருக்கு (போனையும் நெட்டையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன்னாலேயே பிரிகிறது என்பதுதான் விசேஷம். சிக்னல் இருபது மீட்டர் மாடி வரை போய், முட்டுச்சந்தில் முட்டித் திரும்பி வந்து தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

ரோசெட்டில் அந்த இரண்டு திருகையும் கழற்றினேன். 1,248 என்பது 1,760 ஆயிற்று. மோடத்தை நேரே ரோசெட்டில் மாட்டினாலும் அதே 1,760. ஆக இனி வீட்டுக்குள் குற்றம் இல்லை.

வானொலியும் நின்றுவிட்டது. 14-ஆம் தேதி ஜாயிண்ட்தான் ரேடியோ என்று அடித்துச் சொன்னேன் அல்லவா, பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆண்டெனா எங்கள் மாடி ஒயர். படபடப்பு அப்படியே இருக்கிறது.

18 அக்டோபர்

ஒரு எச்சரிக்கை, நேற்று எழுத வெட்கமாக இருந்தது. 48 வோல்ட்தானே என்று வெறும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் ஏ.சி. வரும். சரியாக அந்த நேரத்தில் மாமனார் கூப்பிட்டார். ஸ்டூலில் இருந்து இறங்கியதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், விழுந்தேன் என்பதுதான் உண்மை. மல்டிமீட்டர் முனையைப் பிடியுங்கள், கம்பியைப் பிடிக்காதீர்கள். மழை, இடி நேரத்தில் எதையுமே தொடாதீர்கள்.

21 அக்டோபர்

புகார் எண்ணில் ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னேன். மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ‘சரியாகிவிட்டதா?’ இல்லை. ‘கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறதா பாருங்கள்.’ புகார் மறுநாளே மூடப்பட்டது, காரணம்: வாடிக்கையாளர் உபகரணம்.

இன்று அப்பா பேசினார். நெட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. “போன்ல இரைச்சல். எதிர்ல பேசுறது கேக்கல. நான் எழுபத்தெட்டு வயசு ஆளு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிய எப்படிக் கூப்புடுறது?” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். லைன் ஃபால்ட் என்று பதிவாகிவிட்டது. இந்த இழையில் ஒரே ஒரு வரிதான் படிப்பேன் என்பவருக்கு இதுதான் அந்த வரி: நெட்டைப் பற்றிப் புகார் கொடுக்காதீர்கள், போன் இரைச்சலைப் பற்றிக் கொடுங்கள்.

25 அக்டோபர்

யாரும் வரவில்லை.

29 அக்டோபர்

வந்தார். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற லைன்மேன், ஐம்பது வயது இருக்கும். மொபெட்டில் ஏணியைக் குறுக்கே கட்டியிருந்தார். நான் அட்டெனுவேஷன் அது இது என்று ஆரம்பித்தேன். “சார், நீங்க ஒரு வாய் தண்ணி மட்டும் குடுங்க” என்றார்.

நேரே தெருமுனை டி.பி. பெட்டிக்கு (கேபிளில் இருந்து வீடுகளுக்கு லைன் பிரியும் இடம்) போய் எங்கள் கம்பி ஜோடியில் தன் டெஸ்ட் போனைக் கொக்கி போட்டார். கேட்டார். என்னிடமும் கொடுத்தார். சுத்தம், குளத்தடி மாதிரி அமைதி. அதாவது எக்ஸ்சேஞ்சில் இருந்து இங்கே வரை குற்றமில்லை. நான் பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்த பூமிக்கடி கேபிளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மீதி இருப்பது டி.பி.யில் இருந்து வீடு வரை, தென்னந்தோப்பு வழியாக வரும் தொண்ணூறு மீட்டர் டிராப் வயர்.

அவர் அண்ணாந்து பார்த்தபடி தோப்பில் நடந்தார், நான் பின்னால். நாலாவது மரத்தில் நின்றார். ஒயரில் ஒரு முடிச்சு, அதன் மேல் பால் பாக்கெட் கவர் சுற்றிச் சணல் கயிறு கட்டியிருந்தது. ஏறி அவிழ்த்தார். கவருக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர், எறும்பு முட்டை, இரண்டு முறுக்கல். ஒன்று கறுத்திருந்தாலும் உறுதியாக இருந்தது. மற்றது களிம்பேறிய பச்சை. விரலால் தொட்டார், மாவாக உதிர்ந்து இரண்டே இழை மிச்சம் நின்றது. அந்த இரண்டு இழையில்தான் என் மகள் ஐந்து மாதம் ஏழாம் வகுப்பு படித்திருக்கிறாள்.

“யாருண்ணே இப்படி ஒரு ஜாயிண்ட் போட்டது?” என்று கேட்டேன்.

ஏணியில் இருந்தே சொன்னார்: “நான்தான் சார். கஜா அடிச்சப்போ. இந்தத் தோப்புல பாதி மரம் ஒயரு மேல கெடந்துச்சு. ஒரு நாளைக்கு நாப்பது லைன் எடுத்து விட்டோம். கனெக்டர் தீந்து போச்சு, டேப் தீந்து போச்சு. திரும்ப வந்து சரி பண்ணிக்கலாம்னு கெடச்ச கவரச் சுத்தி வச்சேன்.”

கஜா 2018 நவம்பர் 16. அப்பாவின் ‘ரெண்டு வருஷம்’ ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. அந்த வாரம் எங்கள் ஊருக்குக் கரண்ட் வராமல், வேறு எதுவும் வராமல், முதலில் வந்தது இந்த லேண்ட்லைன்தான். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. பேசாமல் மோர் கொண்டுவரப் போனேன்.

பையில் உள்ளே ஜெல் இருக்கிற கனெக்டர் இரண்டே இரண்டு இருந்தது, இரண்டையும் எங்களுக்கே போட்டுவிட்டார். பச்சை போகும்வரை கம்பியை வெட்டி, புதுச் செம்பு தெரிகிற இடத்தில் சேர்த்து, பிளையரால் நசுக்கினார். கால் மணி நேர வேலை.

30 அக்டோபர்

எண்கள்: 4,380 கே.பி.பி.எஸ்., மார்ஜின் 9, அட்டெனுவேஷன் 46. 14-ஆல் வகுத்தால் 3.3 கிலோமீட்டர். காணாமல் போன முக்கால் கிலோமீட்டர் பால் கவருக்குள் இருந்திருக்கிறது. போனை எடுத்தாலும் வைத்தாலும் ஒரே வேகம்.

இன்னொரு திருத்தம். எந்தத் துண்டில் எவ்வளவு பிட் ஏறுகிறது என்று மோடம் காட்டும் வரைபடம் முன்பு 150-ஆவது துண்டோடு முடிந்துவிடும், அதனால் 217-இல் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியவில்லை. இப்போது 230 தாண்டிப் போகிறது. 217-இல் பல்வரிசையில் பல் விழுந்த மாதிரி ஓட்டை, பக்கத்தில் இரண்டு பல் ஆட்டம். அவ்வளவுதான். திருச்சி வானொலி தின்றது மூன்று துண்டு. அதைப் போய்க் குற்றவாளி என்று எழுதினேன்.

‘ஒரு கம்பி போனாலே நெட் நின்றுவிட வேண்டாமா, எப்படி ஓடியது?’ என்கிறார் ஒருவர். நிற்காது. இந்த உயர் அலைவரிசைகளுக்கு உடைந்த இடத்தைத் தாண்டுவது சிரமமில்லை. இரண்டு கம்பியில் ஒன்று முழுக்க அறுந்தாலும் ஏ.டி.எஸ்.எல். நொண்டிக்கொண்டு ஓடும், டயல் டோன் மட்டும் செத்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட குற்றங்கள் வருடக்கணக்கில் பிடிபடுவதில்லை.

4 நவம்பர்

சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு மார்ஜின் 9-இல் இருந்து 6-க்கு இறங்குகிறது. பத்தரை வரை அப்படியே, அதற்கு மேல் கொஞ்சம் ஏறுகிறது.

எனக்குத் தெரிந்த விளக்கம்: சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தின் மேலே மத்திய அலையை விழுங்குகிற அடுக்கு கரைந்துவிடும். அப்போது எங்கெங்கோ இருக்கும் வானொலிகள் எல்லாம் ஆகாயத்தில் பட்டுத் திரும்பி நம் ஒயரில் இறங்கும். சின்ன வயதில் ராத்திரியில் மட்டும் புரியாத மொழிகள் டிரான்சிஸ்டரில் கேட்குமே, அதேதான். இதற்கு மருந்து கிடையாது.

8 நவம்பர்

ஆகாயத்தின் மேல் பழி போட்டேன். இதையும் வாபஸ் வாங்குகிறேன், முக்கால்வாசியை.

செப்டம்பரில் வந்த ஒரு செய்தியை ஒருவர் இங்கே போட்டிருந்தார். வேல்ஸில் அபெர்ஹோசான் என்ற கிராமத்தில் ஒன்றரை வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் பிராட்பேண்ட் படுத்துவிடுமாம். கேபிளை எல்லாம் மாற்றியும் தீரவில்லை. கடைசியில் கருவியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினால், ஒரு வீட்டில் பழைய டி.வி. அதை ஏழு மணிக்குப் போடுவார்கள், அது கிளப்பும் மின் இரைச்சல் ஊரையே சாய்த்துவிடும். விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் இனி டி.வி.யைப் போடவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆகாயம் என்றால் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். எனக்கு ஆறரைக்குச் சட்டென்று விழுகிறது. அப்பாவின் டிரான்சிஸ்டரை மத்திய அலையில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஆறு இருபத்தைந்துக்குக் கூடத்தில் நின்றேன். மனைவி வழக்கம்போல் விளக்கேற்றிவிட்டு வாசல் லைட்டைப் போட்டாள். ரேடியோ ‘ஜ்ர்ர்ர்’ என்று கத்தியது. அணைத்தேன், அமைதி. போட்டேன், ஜ்ர்ர்ர். ஆடி மாதம் சந்தையில் நூறு ரூபாய்க்கு இரண்டு என்று வாங்கிய எல்.இ.டி. பட்டை. மாட்டியிருப்பது ரோசெட்டுக்கு ஒரு சாண் மேலே. வாங்கி வந்தது யார் என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை.

பட்டையை மாற்றினேன். ஆறரைக்கு மார்ஜின் 8. மிச்சம் ஒன்று ஆகாயத்துக்கு, அதை அது வைத்துக்கொள்ளட்டும்.

27 நவம்பர்

நிவர் புயல் எங்களை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டது. காற்றுக்குப் பயந்து மோடத்தின் கரண்ட் பிளக்கோடு போன் லைனையும் கழற்றி வைத்திருந்தேன். பலர் கரண்ட்டை மட்டும் கழற்றுகிறார்கள். இடி லைன் வழியாகவும் வரும், மோடம் பெரும்பாலும் அப்படித்தான் கருகுகிறது.

6 டிசம்பர்

புரெவி. நாலு நாள் விடாமல் கொட்டியது, வயல் எல்லாம் ஏரி. மார்ஜின் 9, 9, 8, 9. போனில் பொட்டுச் சத்தம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் நேற்று வந்து, ‘உங்க லைன சரி பண்ணினப்புறம் எங்க லைன்ல பொரியுது’ என்றார். அவருக்கு வேறு கம்பி ஜோடி, சம்பந்தமே இல்லை. ஆனால் அவருடைய ஒயரும் அதே தோப்பு வழியாகத்தான் வருகிறது. ஆறாவது மரத்தில் ஒரு பால் கவர் தெரிகிறது. நெட் என்று சொல்லாமல் இரைச்சல் என்று சொல்லிப் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

23 ஜனவரி 2021

‘இவ்வளவு பாடுபடுவதற்கு ஃபைபர் போட்டிருக்கலாமே’ என்று ஆரம்பத்தில் இருந்து சொல்லி வந்த அன்பருக்கு: கேபிள் டி.வி.க்காரர் இந்த வாரம்தான் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்தார். பெயர் கொடுத்துவிட்டேன். லேண்ட்லைனை எடுக்க அப்பா ஒப்புக்கொள்ளவில்லை, மயிலாடுதுறை அத்தைக்கு அந்த நம்பர் மட்டும்தான் மனப்பாடம். அதனால் செம்பு அங்கேயே கிடக்கும், மாதம் ஒருமுறை நான் ஓர் எண்ணை அழுத்திக் கேட்டுப் பார்ப்பேன்.

மோடம் மூன்று, ஸ்பிளிட்டர் இரண்டு சும்மா இருக்கின்றன. மன்னார்குடிப் பக்கம் வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்பிளிட்டரில் போன் பக்கத்து ஓட்டை கொஞ்சம் லூஸ், காகிதம் மடித்துச் சொருக வேண்டும்.